ஆரஞ்சு ஷூ போட்டவன்

பந்தைப் பார்க்கவே கூடாது, பந்து எவனிடம் போனாலும் போய்த் தொலையட்டும், காலைத்தான் பார்க்கணும் என்று தனுஷ்கோடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லி வாய் மூடுவதற்குள் கண் பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டது, சனியன் பிடித்த கண், பேரன் எடுத்த வயசிலும் அதுக்கு ஒரு அடக்கம் வரவில்லை. இழுத்துக்கொண்டு வந்து மறுபடி ஆரஞ்சு ஷூவின்மேல் வைத்தார். பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியின் சிமெண்ட் கோர்ட், சாயங்கால வெயிலிலும் தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது, அவர் உட்கார்ந்திருந்த காலரிப் படியும் அப்படித்தான், கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தும் சூடு ஏறியது. எழுந்து வேப்பமரத்து நிழலுக்குப் போகலாம், போனால் அங்கிருந்து கால் தெரியாது, கால் தெரியாவிட்டால் அவர் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்ததற்கே அர்த்தமில்லை. அதோ போகிறது ஆரஞ்சு ஷூ. கனகாம்பர நிறம், பெரிய சைஸ், எத்தனை கூட்டத்திலும் தப்பாது. அதைப் போட்டிருப்பவன் செல்வின், கடைசி வருஷ மாணவன், பனைமரத்தில் பாதி உயரம். ஒரு மாசமாக இந்தச் செல்வினைத்தான் தனுஷ்கோடி தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலையில் சென்னையில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் புது கூடைப்பந்து லீக்கின் டீம்காரர்கள் எல்லாம் உட்கார்ந்து, முறை வைத்து, கல்லூரிப் பையன்களில் டீமுக்கு ஒருத்தனைப் பெயர் சொல்லி எடுக்கப் போகிறார்கள். டிராஃப்ட் என்கிறார்கள் அதை. பெயர் வந்தால் பையனுக்குச் சம்பளம், சாப்பாடு, பிளேன் டிக்கெட், வாழ்க்கை. வராவிட்டால் டிகிரியை மடித்து வைத்துக்கொண்டு போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓட வேண்டியதுதான். தனுஷ்கோடி ஆள் பார்த்துச் சொல்கிற டீமுக்கு அதில் இரண்டாவதாக எடுக்கிற முறை. இந்த மேட்ச் முடிந்ததும் டீம் மேனேஜர் தாரிணி போன் செய்வாள், அவர் ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். தாரிணிக்கு அவர் மகள் வயசு, மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் அவளுக்கு எல்லாமே கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் சென்னைப் பையன் ஒருத்தனைச் சொல்கிறது. சார், நீங்க உறுதியா சொன்னா உங்க ஆளு, கொஞ்சம் சந்தேகம்னாலும் நான் சென்னைப் பையனைப் போட்டுடறேன், முதலாளிக்குப் பதில் சொல்லணும் இல்லையா என்று நேற்றே சொல்லிவிட்டாள். சந்தேகமா, எனக்கா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏனென்றால் இந்த முதல் குவார்ட்டரில் ஆரஞ்சு ஷூ எம்பிக் குதித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குகிறது. போன மாசம் வந்து பயிற்சி ஆட்டம் பார்த்தபோது இரண்டு காலையும் சேர்த்துப் பூனை மாதிரி இறங்கிய ஷூ அது. கால் அப்படி மாறாது. கை மாறும், குணம் மாறும், கட்டின பெண்டாட்டி மாறுவாள், இறங்குகிற கால் மாறவே மாறாது. அப்போ மாறியது என்ன, நம்ம கண்ணா?

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார், கோர்ட் தெளிவாக இருந்தது. வலது கண்ணைப் பொத்தினார், அதே கோர்ட்டின் நடுவில் யாரோ கரிக்கட்டையால் தேய்த்த மாதிரி ஒரு மங்கல், அது பார்க்கிற இடத்துக்கெல்லாம் முந்திக்கொண்டு போய் நின்றது. சர்க்கரை. ஊசி போடணும் என்றார் டாக்டர். கையிலா என்று கேட்டார் இவர், இல்லை, கண்ணுக்குள்ள. கண்ணுக்குள் ஊசி என்றதும் எழுந்து வந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை, தாரிணியிடம் எப்படிச் சொல்வது? பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எனக்குப் பார்வை சரியில்லை என்று எந்த வாயால் சொல்வான்? விசில் அடித்தது, யாருக்கோ பவுல். ஆரஞ்சு ஷூ கோட்டின் ஓரத்தில் நின்றது, பந்து வந்தது, இடது கையால் பஞ்சைப் போல வாங்கி, திரும்பின வாக்கிலேயே கூடைக்குள் விட்டது. ஆகா. அந்தக் கை! அந்தக் கையைத்தான் தாரிணிக்கு அனுப்பின ரிப்போர்ட்டில் எழுதினோம், முதல் வரியிலேயே எழுதினோம். எழுதியதில் கடைசி வரி என்ன? இவனுக்கு மூச்சே வாங்காது, கடைசி குவார்ட்டரிலும் முதல் குவார்ட்டர் கால், இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. அதைத்தான் தாரிணி பெரிய எழுத்தில் போட்டு முதலாளிக்குக் காட்டினாள். நல்லது, மூச்சு வாங்குகிறதா பார்ப்போம் என்று பார்த்தார், ஆரஞ்சு ஷூ நின்ற இடத்தில் முழங்காலைப் பிடித்துக் குனிந்தது. வாங்குகிறதே, நன்றாகவே வாங்குகிறதே. காய்ச்சலாக இருக்கும், வெயிலாக இருக்கும், பரீட்சைக்குக் கண் விழித்திருப்பான். இப்படித்தான் மனசு ஒருத்தனைப் பிடித்துவிட்டால் அவனுக்கு வக்காலத்து வாங்க ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கும். அன்றைக்கு மதுரையில் அந்த ரயில்வே அதிகாரிக்கும் அப்படி ஏதாவது பிடித்திருந்ததா, யாரைப் பிடித்திருந்தது? அட, அதை ஏன் இப்போது. இல்லை, அது வந்தால் போகாது, வந்தால் இருந்துவிட்டுத்தான் போகும். ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கிற அன்று, கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர், தனுஷ்கோடியும் இருதயராஜும், ஒரே ஹாஸ்டல், ஒரே அறை, ஒரே சோப்பு. தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். அதிகாரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. விரலை மட்டும் நீட்டி, நீ வா என்றார். அந்த விரல் யாரை நோக்கி நீண்டது? தனுஷ்கோடி ஒரு எட்டு முன்னால் வைத்தார். வைத்தார் என்றால், கால் வைத்துவிட்டது, அவர் யோசிக்கவில்லை. இருதயராஜ் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நானா சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் ஆமாம் நீதான் என்றோ இல்லை பக்கத்திலிருப்பவன் என்றோ ஒரு பதில் கிடைத்திருக்கும், கேட்கவில்லை. அப்புறம் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸ், கல்யாணம், மகள், பென்ஷன், எல்லாம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. நல்ல தூக்கத்தில்கூட அந்த விரல் வரும், கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஒரு நாள் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்திருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிற நேரம் வந்தது, முதல் குவார்ட்டர் முடிந்த இடைவேளையில் தலையை அண்ணாந்து விட்டுக்கொண்டார். கண்ணைத் திறக்கும்போது ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது.

இந்தா பாரு, வந்துவிட்டான். இவன்தான், இவனேதான். ஆரஞ்சு ஷூ இப்போது எதிராளிக்கு முன்னால் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்தது, கால் ஒன்றோடொன்று பின்னவில்லை, குதிகால் தரையில் படவில்லை, எதிராளி இடம் போனால் இடம், வலம் போனால் வலம், கடைசியில் அவன் அலுத்துப்போய்ப் பந்தை வேறு எவனுக்கோ எறிந்தான். தனுஷ்கோடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்றே விட்டார், பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த மாணவர்கள் யாருடைய அப்பா இவர் என்பது போலப் பார்த்தார்கள். எம்பிக் குதித்தது ஆரஞ்சு ஷூ, இரண்டு காலில் இறங்கியது, பூனைதான், சந்தேகமே இல்லை. முதல் குவார்ட்டரில் உடம்பு சூடாகவில்லை, அவ்வளவுதான் விஷயம், அதற்குள் என்னென்ன நினைத்துவிட்டோம், கண்ணைக்கூடத் திட்டிவிட்டோம். மூச்சும் வாங்கவில்லை பாரு, புதுசாக வந்தவன் மாதிரி ஓடுகிறான். ஆனால் பந்து கைக்கு வந்தபோது அந்தக் கை பஞ்சாக இல்லை. கட்டையாக இருந்தது. பந்து கையில் பட்டு, தெறித்து, கோட்டுக்கு வெளியே போய் ஸ்கோர் மேஜைக்காரரின் டீயைக் கவிழ்த்தது. ஒரு மனுசனுக்கு முதல் குவார்ட்டரில் கை, இரண்டாம் குவார்ட்டரில் கால், இரண்டும் சேர்ந்து எப்போதுதான் இருக்கும்? சேர்ந்து இருந்ததே, பயிற்சி ஆட்டத்தில் பார்த்தோமே, இந்தக் கல்லூரியின் விளையாட்டு மாஸ்டர் அனுப்பின வீடியோவிலும் பார்த்தோமே. வீடியோ யாரோ மாடியிலிருந்து போனில் எடுத்தது, எல்லோரும் கறுப்புப் பனியன், எல்லோருக்கும் ஒட்ட வெட்டின முடி, நம்பரும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஷூ ஒன்றுதான் அடையாளம், இவர்தான் பந்தையும் பார்க்க மாட்டார் மூஞ்சியையும் பார்க்க மாட்டாரே, காலைப் பார்க்கிற மகான். பாதி ஆட்டம் முடிந்து விசில் அடித்தது. எல்லோரும் தண்ணீருக்கு ஓடினார்கள், ஆரஞ்சு ஷூ பெஞ்சில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நெட்டையனிடம் கொடுத்தது. அவன் அதை வாங்கி, உள்ளே கையை விட்டுத் துடைத்து, தன் காலில் மாட்டினான். தனுஷ்கோடி இடது கண்ணைப் பொத்தினார். வலது கண்ணைப் பொத்தினார். எதைப் பொத்தினாலும் அங்கே நடப்பது அதுதான். அடப்பாவிகளா.

எப்படிப் படியிறங்கினார் என்று தெரியாது, மாஸ்டர் கோயில்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் நல்ல மனுஷர், வாயில் விசிலைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர், வாங்க சார், மோர் சாப்பிடுதீங்களா என்று கேட்டார். தனுஷ்கோடி மோரை வாங்கிக்கொண்டு, ஏதோ வேடிக்கைக்குக் கேட்கிற மாதிரி, பையங்க ஷூவை மாத்திக்கிறாங்க போல என்றார். மாஸ்டர் சிரித்தார். ஷூ செல்வினுடையதாம், மஸ்கட்டில் இருக்கிற மாமா கொண்டுவந்தாராம். மற்றவன் பேச்சிராஜா, அவனுக்கும் அதே சைஸ் கால், அந்த சைஸ் திருநெல்வேலி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, அவனிடம் இருக்கிற வெள்ளை ஷூ அடி பிய்ந்து கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள், ஒருத்தன் உள்ளே போனால் ஒருத்தன் வெளியே, அதனால் ஒரு சோடி போதுமென்று முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான், கல்லூரிக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன் என்றார் மாஸ்டர். தெரியும், தெரியும் என்றார் தனுஷ்கோடி அவசரமாக. போன மாசம் அவர் இதே மாஸ்டரிடம் என்ன கேட்டார்? அந்த ஆரஞ்சு ஷூ போட்டிருக்கிறவன் பெயர் என்ன என்று கேட்டார். அந்த நிமிஷம் போட்டிருந்தவன் செல்வின், மாஸ்டர் செல்வின் என்றார். இவர் எழுதிக்கொண்டார். யார் மேல் குற்றம்? மாஸ்டர் மேல் இல்லை, பையன்கள் மேல் இல்லை, ஷூ மேல்கூட இல்லை. ஒருத்தன் கையையும் இன்னொருத்தன் காலையும் வெட்டி ஒட்டி, ஒரு மனுஷனைச் செய்து, அவனுக்கு மூச்சே வாங்காது என்று எழுதி அனுப்பியாகிவிட்டது. எப்படி வாங்கும், பாதி நேரம் அவன் பெஞ்சில் அல்லவா உட்கார்ந்திருந்தான். சிரிப்பு வந்தது, மோர் புரையேறியது, மாஸ்டர் முதுகில் தட்டினார். யாரு எந்த நம்பர் என்று கேட்டார் தனுஷ்கோடி. ஆறு செல்வின், எட்டு பேச்சி. ரெண்டுல யாரு கெட்டி? மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ரெண்டும் எனக்கு ரெண்டு கண்ணு சார். எந்தக் கண்ணக் குத்திக்கிடச் சொல்லுதீங்க?"

கண் என்றதும் தனுஷ்கோடிக்குக் கண்ணுக்குள்ள ஊசி ஞாபகம் வந்தது, மோர் டம்ளரை வைத்துவிட்டுப் படியேறினார். சரி, ஆறு, எட்டு. இனிமேல் நம்பரைப் பார்க்கணும், ஷூவைப் பார்க்கக் கூடாது. மூன்றாம் குவார்ட்டர் ஆரம்பித்தது, ஆரஞ்சு ஷூதான் கண்ணில் குத்தியது, பழக்கம், நாய்க்கு எலும்பைக் காட்டின கதை. மேலே பார்த்தார், முதுகில் நம்பர், சூரியன் மேற்குக் கூடைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, நேராகக் கண்ணில் அடித்தது, ஆறா, எட்டா. துவைத்துத் துவைத்துப் பனியன் நம்பரெல்லாம் உரிந்துபோயிருந்தது, ஆறுக்குக் கொஞ்சம் வாய் மூடினால் எட்டு, எட்டுக்குக் கொஞ்சம் உரிந்தால் ஆறு. இவன் ஒற்றைக் காலில் இறங்குகிறான், அப்போ கைக்காரன். கைக்காரன் யார்? முதல் குவார்ட்டரில் ஆடினவன். முதல் குவார்ட்டரில் ஆடினவன் யார்? ஷூவுக்குச் சொந்தக்காரன்தானே முதலில் போட்டிருப்பான், அப்போ செல்வின் கைக்காரன், பேச்சி கால்காரன். இல்லையே, சொந்தக்காரன் நல்லவனாக இருந்தால் முதலில் நீ போட்டுக்கோ என்று கொடுத்திருப்பானே, அப்போ தலைகீழ். சொந்தக்காரன் நல்லவனா கெட்டவனா என்று இந்தப் படியில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தது, செக்கு மாடு சுற்றுகிற மாதிரி, எண்ணெயும் வரவில்லை பிண்ணாக்கும் வரவில்லை. தாரிணிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன? அம்மா, நான் இரண்டு பேரை ஒருத்தன் என்று நினைத்துவிட்டேன். சொன்னால் அவள் கோபப்படக்கூட மாட்டாள், அதுதான் பயம், பரவாயில்லை சார் என்பாள், அந்த நிமிஷமே சென்னைப் பையன் பெயரைத் தட்டிவிடுவாள். அத்தோடு இந்த இரண்டு பேரும் போச்சு. உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் இல்லை, உறுதியாகச் சொன்னால் ஒருத்தனுக்காவது உண்டு. இதில் தனக்கு என்ன ஆகும் என்பதும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஓடாது என்று சொன்னால் பொய், வேலை போகும், கிழவனுக்குக் கண் அவிந்துவிட்டது என்பார்கள், என்று நினைத்தவர் சீ என்று தன்னையே ஒரு தரம் சொல்லிக்கொண்டார். இருதயராஜ் என்ன ஆனான்? கொடைக்கானல் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்று ஒருத்தர் சொன்னார், இல்லை அவன் லாரி வாங்கி விட்டான் என்று ஒருத்தர் சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று இருந்து இருந்து, பார்த்து என்ன கேட்பது, அந்த விரல் உன்னையா காட்டியது என்றா? அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? குடியிருந்த வீடு, பெற்ற மகள், வாங்குகிற பென்ஷன் எல்லாவற்றையும் எந்தப் பையில் போட்டு அவனிடம் திருப்பிக் கொடுப்பது? ஷூவானால் அவிழ்த்துக் கொடுக்கலாம். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்வான்.

கடைசி குவார்ட்டரில்தான் கடவுள் கண்ணைத் திறந்தார் என்று தனுஷ்கோடி நினைத்தார், பாவம். டீமில் மூன்றாவது நெட்டையன் ஒருத்தன் பவுல் மேல் பவுல் வாங்கி வெளியே போனான், மாஸ்டருக்கு வேறு வழியில்லை, செல்வின், பேச்சிராஜா இரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே இறக்கினார். நாலு வருஷத்தில் எத்தனை தரம் இப்படி நடந்திருக்குமோ தெரியாது, கூட்டமே எழுந்து கத்தியது. ஒருத்தன் காலில் ஆரஞ்சு ஷூ, இன்னொருத்தன் காலில் கயிறு கட்டின வெள்ளை ஷூ. அப்பாடா. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வெயிலில், தனித்தனியாக. ஒருத்தனாக இருந்தவன் அவர் கண்முன்னாலேயே இரண்டாகப் பிரிந்து ஓடினான். இருக்கிற ஒரு சோடி நல்ல ஷூவைச் சொந்தக்காரன்தான் போட்டுக்கொள்வான், இரண்டு பேரும் ஆடும்போது கொடுக்க முடியாதே, அப்போ ஆரஞ்சு செல்வின், வெள்ளை பேச்சிராஜா. சந்தேகத்துக்கு முதுகையும் பார்த்தார், ஆரஞ்சுக்கு ஆறு, ஆறுதான், கீழே வட்டம், மேலே ஒரு வளைவு. இப்போது பந்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். வெள்ளை ஷூ பந்தை வாங்கியது, பஞ்சு, இடது கை, கூடை. அழகு, ஆனால் ஒற்றைக் கால். அந்தப் பக்கம் எதிராளி பாய்ந்து வந்தான், ஆரஞ்சு ஷூ நண்டாக நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது, எதிராளிக்கு வாசலே கிடைக்கவில்லை. மறுபடி வந்தான், மறுபடி அதே கதவு. கை நாளைக்கு வரும், தினமும் பந்தைக் கொடுத்தால் எந்தக் கட்டைக் கையும் ஒரு வருஷத்தில் பழகும். கால் பிறவியில் வரணும். இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு அவருக்கே சொல்லிக்கொண்டார், சொன்னதும் மனசு தெளிந்த மாதிரி இருந்தது, தெளிந்ததா இல்லை களைத்ததா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கால்காரன்தான். ஆரஞ்சு ஷூ. செல்வின். நல்லவேளை, எழுதி அனுப்பின பெயரே வந்துவிட்டது, ஒன்றையும் மாற்ற வேண்டாம், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம். விசில் நீளமாக அடித்தது, பாளையங்கோட்டைப் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள், ஒருத்தனை ஒருத்தன் தூக்கினார்கள், அந்தக் கூச்சலுக்கு நடுவில் சட்டைப் பையில் போன் துடித்தது. தாரிணிதான். எப்படி சார் போச்சு என்றாள். நல்லா போச்சும்மா. நீங்க எழுதின மாதிரியே இருக்கானா என்றாள். காது சூடேறியது. எழுதினதுல கொஞ்சம் கூட்டிக் குறைச்சு இருக்கும், கால் மட்டும் நான் சொன்ன கால்தான் என்றார். சந்தேகம் ஒண்ணும் இல்லையே சார்? கீழே பெஞ்சில் ஆரஞ்சு ஷூவும் வெள்ளை ஷூவும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"செல்வின்" என்றார் தனுஷ்கோடி. "எழுதிக்கோம்மா. செல்வின்தான்."

அவள் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டாள், பட்டனைத் தட்டுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. முடிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது, படியில் இறங்கும்போது முழங்கால்கூட வலிக்கவில்லை. ஒன்று மட்டும் செய்யணும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார், விரலை நீட்டக் கூடாது. செத்தாலும் விரலை நீட்டக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, யாருக்கும் குழப்பமில்லாமல், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் செய்யாததை நாம் செய்யணும். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார், இரண்டு பையன்களும் நிமிர்ந்து பார்த்தார்கள், வேர்வையில் இரண்டு முகமும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆரஞ்சு ஷூ போட்டவனின் கண்ணை நேராகப் பார்த்து, செல்வின் என்றார். வெள்ளை ஷூ போட்டவன் எழுந்து நின்றான். நிற்கிறவன் நெஞ்சில் ஆறு, உரியாத ஆறு. உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பார்த்தார், கிட்டத்தில் தெரிந்தது, எட்டு, மேல் வட்டத்தில் ஒரு பக்கம் உரிந்த எட்டு. தனுஷ்கோடி நிற்கிறவன் பக்கம் திரும்பினார். ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, ஷூ உன்னோடதுதானே தம்பி என்று கேட்டார். என்னோடதுதான் சார், இன்னைக்கு எதிர் டீம்ல அந்தப் பத்தாம் நம்பர்காரனப் பிடிக்கதுக்கு இவனாலதான் முடியும், அதான் இவனையே போட்டுக்கிடச் சொல்லிட்டேன், எனக்கு இது போதும் என்று வெள்ளை ஷூவைக் காட்டினான் செல்வின். சொந்தக்காரன் நல்லவன். கணக்கில் அதை விட்டுவிட்டோம். போன் கையில் இருந்தது, ஒரு விரல் தூரம், மறுபடி கூப்பிட்டு, அம்மா அவன் இல்லை மற்றவன் என்று சொல்லலாம், சொன்னால் சந்தேகம், சந்தேகம் என்றால் சென்னைப் பையன், அதுவும் தெரியும். இந்தப் பஞ்சுக் கையும் பொய் இல்லையே, இதையும்தானே நாம் எழுதினோம், முதல் வரியிலேயே எழுதினோம். எது சரி, எது தப்பு, எங்கே ஆரம்பித்தது இது, ஒன்றுமே புரியவில்லை. மாஸ்டர் விஷயத்தை ஊகித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தார், பையன்களுக்கும் புரிந்துவிட்டது, கூச்சல் இந்தப் பக்கம் மட்டும் அடங்கியது. செல்வின் பக்கத்தில் இருந்தவனை ஒரு தரம் பார்த்தான், பிறகு தனுஷ்கோடியைப் பார்த்தான்.

"நானா சார்?" என்று கேட்டான்.

தனுஷ்கோடி அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாகத் தூக்கத்தில் கேட்டிருக்கிறார். பதிலையும் தினுசு தினுசாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார், எந்தக் குரலில் சொல்லியிருந்தால் தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியும்.

"ஆமாப்பா" என்றார். "நீதான். உன்னைத்தான் சொன்னேன்."

செல்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பாகி, அது பாதியில் நின்று, மறுபடி பக்கத்தில் இருந்தவன் பக்கம் திரும்பியது. பேச்சிராஜா அதற்குள் குனிந்திருந்தான். ஆரஞ்சு ஷூவின் கயிற்றை நிதானமாக அவிழ்த்தான், இரண்டையும் கழற்றினான், உள்ளே கையை விட்டுத் துடைத்தான், செல்வின் காலடியில் சோடியாக வைத்தான். இனி உனக்குத்தாம்ல தெனமும் வேணும், எடுத்து வச்சிக்கோ என்றான். தனுஷ்கோடி அவன் நிமிர்வான், முகத்தைப் பார்க்கலாம் என்று நின்றார். அவன் செல்வின் கழற்றிவிட்ட வெள்ளை ஷூவை இழுத்துக் காலில் மாட்டி, கட்டியிருந்த கயிற்றை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.